தறி வீட்டில் ஒரு பியானோ

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளில் முகூர்த்தப் புடவை எடுக்க வரும் ஒவ்வொரு கும்பலிலும் ஓர் அத்தை இருப்பார். கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, அவர் பாட்டுக்குப் புடவையைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டுவார். ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் நம்பிக்கை இல்லாமல் வாசல் வரை தூக்கிக்கொண்டு போவார். இரண்டு மணி நேரம் ஆகும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கடைக்காரரே காபி வரவழைத்துக் கொடுப்பார்.

இதே குடும்பம் பேத்திக்கு பியானோ வாங்கச் சென்னைக்குப் போனால் இருபதே நிமிடத்தில் பில் போட்டுவிடுகிறது. ஒரு மூலையில் அடுக்கியிருக்கும் கருவிகளில் கறுப்பாக, பளபளப்பாக இருப்பதைக் காட்டி, "இது நல்ல கம்பெனிதானே?" என்று ஒரு கேள்வி. "நம்பர் ஒன் சார்" என்று ஒரு பதில். அத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதால் வந்த வினை. அவர் வந்திருந்தால் நிச்சயம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்திருப்பார்.

பியானோ நம்முடைய கருவி இல்லை, நமக்கு அதில் என்ன தெரியும் என்ற கூச்சம்தான் காரணம். கறுப்பு வெள்ளைப் படங்கள் செய்த வேலை இது. வளைந்த மாடிப்படி, அதன் அடியில் கிராண்ட் பியானோ, பிறந்தநாள் கேக், கதாநாயகிக்கு ஒரு பாட்டு. பணக்கார பங்களாவின் நாற்காலி மேஜையோடு சேர்த்துதான் நமக்கு பியானோ அறிமுகமானது. நிஜத்திலும் அது ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் இருந்தது. சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பாமாலைகள் பாடும் கிறிஸ்தவ வீடுகள், கான்வென்ட் பள்ளிகள், கோடம்பாக்கத்து ரிக்கார்டிங் தியேட்டர்கள். 1842-ல் மிஸ்க்வித் கம்பெனி என்ற பெயரில் தொடங்கி, இன்று அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கலாக இருக்கும் கடை அந்த வட்டத்துக்கு ஸ்வரத்தாளும் கருவியும் விற்றது. லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கும் சென்னையில் அதுவே விலாசம்.

வட்டம் இப்போது பெரிதாகிவிட்டது. 2008-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 2019 மார்ச்சில் அங்கே படித்த 13 வயது லிடியன் நாதஸ்வரம், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினான். அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்து 48 நாள் காட்சி கொடுத்தார். ஆனால் லிடியன் இரண்டு பியானோக்களுக்கு நடுவே உட்கார்ந்து இரு கைக்கும் ஒவ்வொன்றாக வாசித்த வீடியோ இந்த ஊர்ச் செல்போன்களுக்கும் வந்து சேரத்தான் செய்தது. 'நம்ம பிள்ளைக்கும் ஒன்று' என்ற ஆசை பல கூடங்களில் அப்படித்தான் முளைத்தது.

ஆசை நியாயமானதுதான். வாங்குகிற விதத்தைத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

காஞ்சிக்கும் வெள்ளைக் கட்டைக்கும்

பியானோ இந்த ஊருக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரை நினைவூட்டலாம். மணலி முதலியார்களின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில், அவர் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பின்னாளில் காஞ்சிபுரத்துக்கு வந்து உபநிஷத் பிரம்மேந்திரரோடு சுமார் நான்கு ஆண்டுகள் தங்கினார். ஏகாம்பரநாதர் மேல் பைரவி ராகத்தில் அவர் செய்த பிருதிவித் தலக் கிருதியை இன்றும் கச்சேரிகளில் விஸ்தாரமாகப் பாடுகிறார்கள்.

பியானோ வாங்கப் போகும் வீட்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்து ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. நோட்டுஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், நேர் நேராக நடப்பவை. பியானோவில் கறுப்புக் கட்டையைத் தொடாமல், ஸி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். மதுரை மீனாட்சியைப் பாடும் நோட்டுஸ்வரம் ஒன்றின் மெட்டு, பால்வாடிக் குழந்தையும் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிள்ளை அதை வாசித்துக் காட்டும், பாட்டிக்கும் கண் நிறையும்.

பைரவி அப்படி வராது. அந்த ராகத்தின் உயிர் ஸ்வரங்களுக்கு நடுவே இழையும் அசைவில் இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியில் அடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்த ஒலியை வளைக்க விரலால் ஆகாது. ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். அதனால்தான் ஆகாசவாணி 1940-ல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்தே தள்ளி வைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. தடை அதிகப்படி என்பது என் கட்சி. ஆனால் காரணம் பொய்யில்லை. பாட்டு வகுப்புக்குப் போகும் பெண்ணுக்கு பியானோ வாங்கிக் கொடுத்து, 'இதில் வர்ணம் வாசி' என்று உட்கார வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அனில் ஸ்ரீநிவாசன் போன்றவர்கள் சிக்கில் குருசரணோடு சேர்ந்து கர்நாடக இசைக்குள் பியானோவுக்கு ஓர் இடம் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் பியானோவைப் பாட விடவில்லை. பாடுகிறவர் பாட, பியானோ பின்னால் நின்று இசையிசைவைக் கொடுத்தது.

நயினாப் பிள்ளை லயத்தில் கொடி கட்டிப் பறந்த ஊர், டி.கே.பட்டம்மாள் பிறந்த ஊர். இந்த ஊர்ப் பிள்ளைக்குக் காது ஏற்கெனவே தயாராக இருக்கும். பியானோ அதற்கு இன்னொரு வாசல். அப்படி நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

தறி செய்த ஊர்

பியானோ கடையில் கேட்கும் மூன்று பெயர்கள் யமஹா, கவாய், ரோலண்ட். மூன்றுக்கும் தலைமையகம் ஒரே ஊரில். ஜப்பானின் ஹமமாட்சு. அது ஒரு நெசவு ஊர்.

1887-ல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழுதான ரீட் ஆர்கன் ஒன்றைப் பிரித்துச் சரி செய்தார் தொராகுசு யமஹா. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். பிரித்த கையோடு 'இதை நானே செய்துவிடுவேன்' என்று தோன்றிவிட்டது. செய்தார். செய்த ஆர்கனைத் தோள் மேல் கம்பில் கட்டி, துணைக்கு ஒருவரோடு, ஹகோனே மலை தாண்டி டோக்கியோவின் இசைப் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்தவர்கள் மரவேலையைப் பாராட்டிவிட்டு, ஸ்ருதி சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் அங்கேயே தங்கி ஸ்ருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1900-ல் அவருடைய கம்பெனி பியானோ செய்யத் தொடங்கியது. அவரிடம் வேலை பார்த்த கோயிச்சி கவாய் 1927-ல் தனிக்கடை போட்டார்.

அதே ஹமமாட்சுவில் 1909-ல் மிச்சியோ சுசுகி ஒரு ஆலை தொடங்கினார். தறி செய்யும் ஆலை. இன்று காஞ்சிபுரத்துச் சந்துகளில் முட்டிக்கொண்டு நிற்கும் மாருதி கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும் பெயர் அவருடையது. மரத்தை அறுத்து, உலர்த்தி, இழை பிசகாமல் பொருத்தி, மிதியை அழுத்தினால் மேலே ஒன்று எழும்ப வேண்டும் என்று கணக்குப் போடும் தச்சர்களும் பொறியாளர்களும் அந்த ஊரில் நிறைந்திருந்தார்கள். தறியும் அங்கேயே பிறந்தது, பியானோவும் அங்கேயே பிறந்தது.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்து மாலையாகத் தொங்கும். நெசவாளி மிதிக்கும்போது ஓர் அட்டை நகர்ந்து வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த நூல் எழும்பும். துளை இல்லாத இடத்து நூல் தாழ்ந்தே இருக்கும். அன்னமும் யாளியும் மாங்காயும் இப்படித்தான் கரையில் ஏறுகின்றன. பிரான்சின் லியோன் நகரப் பட்டுத் தறிக்காக ஜக்கார்டு 1804-ல் கொண்டு வந்த ஏற்பாடு இது. இதே துளை யோசனையை இசைக்குத் திருப்பியவர்கள் பலர். 1895-ல் அமெரிக்கரான எட்வின் வோட்டி செய்த பியானோலாவில், துளை போட்ட காகிதச் சுருள் ஓட ஓட, துளை வழியே காற்று இழுபட்டு அந்தந்தக் கட்டை தானே அழுந்தும். வாசிக்கத் தெரியாதவர் மிதியை மிதித்துக்கொண்டிருந்தாலே பாட்டு வரும். வானொலியும் கிராமபோனும் பரவும்வரை பணக்கார நாட்டு வீடுகளில் அது சக்கைப் போடு போட்டது.

தறியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அசல் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். வெகு காலம் அந்த இன்னொருவர் எட்டு, பத்து வயதுப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு உட்கார வைத்த பிள்ளை. தொண்ணூறுகளில் அது பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டு, மெல்ல மெல்லக் குறைந்தது. அதே வயது விரல்களுக்கு இன்று அதே ஊரில் ஸ்கேல் பயிற்சி கொடுக்க முடிகிறது. நெய்கிறவர் வீட்டில் அது எத்தனை பேருக்கு வாய்க்கிறது என்பது வேறு கேள்வி. கனமான ஜரிகைபோட்ட முகூர்த்தப் புடவை ஒன்றின் விலைக்கு நல்ல டிஜிட்டல் பியானோ வந்துவிடும். அந்தப் புடவையை நெய்தவரின் கூலிக்கு வராது.

சுவரைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

அசல் தந்தி பியானோவா, டிஜிட்டலா என்பதைப் பெரும்பாலும் வீடுதான் முடிவு செய்யும்.

தந்தி பியானோவுக்குள் சுமார் 230 தந்திகள். எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 18, 20 டன். அந்த இழுவையைத் தாங்கியபடி ஒலியை வெளியே தள்ளுவது ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஒரு மெல்லிய பலகை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பும், தந்தி இறுகி ஸ்ருதி ஏறும். ஈரம் குறைந்தால் பலகை சுருங்கும், ஸ்ருதி இறங்கும். கட்டைகளுக்கு நடுவே உள்ள கம்பளி ஃபெல்ட்டும் ஈரத்தில் உப்பிக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தினால் எழுந்திருக்காது. பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது. அதைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. காஞ்சிபுரத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஐப்பசி கார்த்திகையில் துணி காயாது.

பட்டு நெசவுக்கு ஈரம் வேண்டும். குழித்தறியில் பூமியின் குளுமை ஏறினால் பாவு நூல் அறுபடாமல் ஓடும். தறிக்கு உகந்த அறை பியானோவுக்குச் சத்துரு. மழை வலுத்தால் தறிக்குழியில் தண்ணீரே ஊறி நெசவு நின்றுபோகும். அந்தக் கூடத்தில் பல லட்சம் ரூபாய் மரத்தைக் கொண்டுவந்து வைப்பது விவேகம் ஆகாது. தறி இல்லாத வீடானாலும், தரையிலிருந்து ஓதம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் இதே பேச்சுதான்.

வைப்பதென்று முடிவு செய்தால் வீட்டின் உட்சுவர் ஓரமாக வையுங்கள். வெயில் படும் வெளிச்சுவர், ஜன்னல், அடுக்களைப் பக்கம் எல்லாம் ஆகாது. ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. ராத்திரி மட்டும் ஏ.சி. போட்டுப் பகலில் அணைக்கும் அறையைவிட, ஏ.சி.யே இல்லாத, காற்றோட்டமான அறை அதற்கு நல்லது. மழைக்காலத்தில் பியானோவின் அடிப்பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுவது பழைய சென்னை வீடுகளின் கைவைத்தியம். இப்போது அதற்கென்றே வெப்பத் தண்டு விற்கிறார்கள், அதுதான் பாதுகாப்பு.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரோரம் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோ சுமார் ஒன்றரை மீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் ஆழம், உயரம் 110 முதல் 131 சென்டிமீட்டர். 121 சென்டிமீட்டர் உயரம் உள்ளது 220 கிலோவுக்கு மேல் கனக்கும். நம் ஊர் வீடுகள் முகப்பு குறுகி நீளமாகப் போகிறவை. திண்ணை தாண்டி, ரேழி திரும்பி, நிலைவாசல் வழியே அது உள்ளே போகுமா என்று டேப் வைத்து அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ட்யூனர். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஸ்ருதி சேர்க்க வேண்டும், புதிது என்றால் முதல் வருடம் இன்னும் கூடுதல். அந்த ஆள் பெரும்பாலும் எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்து வர வேண்டும். 'ட்யூனர் காஞ்சிபுரம் வருவாரா, போக வரச் செலவு யாருடையது' என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். பதிலில் மென்று விழுங்கினால் டிஜிட்டல் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

61-ஆ, 88-ஆ?

கடைகளில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும்.

"பாப்பாவுக்கு பியானோ பார்க்கணும்."

"எத்தனை வயசு சார்?"

"எட்டு."

"அப்ப 61 கீ கீபோர்டு எடுங்க சார். தபேலா இருக்கு, தம்புரா இருக்கு, முந்நூறு ரிதம் இருக்கு. நல்லா வாசிச்சா அப்புறம் பெரிசு எடுத்துக்கலாம்."

கேட்க நியாயமாக இருக்கிறது. விலையும் பதினைந்து, இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது பியானோ இல்லை. கீபோர்டின் கட்டை ஸ்பிரிங்கில் துள்ளும், தொட்டாலே அமுங்கும். பியானோவின் கட்டை ஒவ்வொன்றும் ஒரு நெம்புகோல். மறுமுனையில் ஒரு சுத்தியலைத் தூக்கி எறிய வேண்டும். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, வேகமாகத் தொட்டால் பெரிய ஒலி. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்ததே இந்த வித்தையைத்தான். அந்தக் கனத்துக்கு விரல் பழக வேண்டும். இரண்டு வருடம் ஸ்பிரிங் கட்டையில் பழகிய பிள்ளையை தேர்வுக்கூடத்து நிஜ பியானோ முன் உட்கார வைத்தால் பாதிக் கட்டை பேசாது. பிள்ளை அழும். தப்பு பிள்ளையுடையது அல்ல.

சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏற வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் கீபோர்டு பிரமாதமான கருவி, தாராளமாக வாங்கலாம். பியானோ படிக்க வேண்டும் என்றால் 88 கட்டை, சுத்தியல் கனம் உள்ள கட்டை. இரண்டில் ஒன்றுகூட விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த வகை டிஜிட்டல் பியானோக்கள் சுமார் ஐம்பதாயிரம் ரூபாயில் தொடங்குகின்றன. புதிய அப்ரைட் என்றால் சில லட்சங்கள். முதல் பியானோ வாங்கும் காஞ்சிபுரத்து வீடு பத்தில் ஒன்பதுக்கு என் ஓட்டு டிஜிட்டலுக்கே. ட்யூனர் வேண்டாம், கரையான் தின்னாது, ஹெட்போன் மாட்டிக்கொண்டால் விடியற்காலையிலும் சாதகம் செய்யலாம். கரண்ட் போனால் ஊமை. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதுவும் பிரச்சினை இல்லை.

அத்தை கடையில் செய்ய வேண்டியது என்ன? வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். கட்டை அடியில் இடிக்கும் 'தொக் தொக்' எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க. மாடி வீட்டில் அந்த இடி கீழ் வீட்டுக் கூரையில் விழும். இடது கோடிக் கட்டையையும் வலது கோடிக் கட்டையையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். நல்ல கருவியில் இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் லேசாகவும் இருக்கும், அசல் பியானோவைப் போலவே. பிறகு ஒரே கட்டையைச் சத்தம் வருமா வராதா என்ற அளவுக்கு மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். மெல்லிய ஒலி வந்தால் சரி. ஒன்று சத்தமே இல்லை, இல்லாவிட்டால் திடீரென்று பெரிதாக என்றால் வேறு மாடல் காட்டச் சொல்லலாம். எக்ஸ் மாதிரி மடங்கும் ஸ்டாண்டு ஆடும், குழந்தையின் முழங்காலிலும் இடிக்கும். மரச் சட்டத்தோடு வருவதே மேல். உயரம் மாற்றும் பெஞ்சுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து பழகும் பிள்ளைக்குத் தோள் தூக்கிக்கொள்ளும்.

வீட்டில் பாட்டுக்காரர் இருந்தால் ஸ்ருதி மாற்றும் பட்டன் கைகொடுக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்குச் சட்ஜமம் ஜி-யில் நிற்கும். பட்டனை நகர்த்தினால் ஸி-யில் பழகிய விரலே அங்கேயும் வாசிக்கும். ஆனால் பியானோ வாத்தியார் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். அவர் கட்சியும் சரிதான்.

வாத்தியார் என்றதும் நினைவுக்கு வருகிறது: கருவிக்கு முன்னால் அவரைத் தேடுங்கள். ஊரில் கிடைப்பது பெரும்பாலும் கீபோர்டு வகுப்பு. பியானோ சொல்லிக்கொடுப்பவர் சர்ச் பாடகர் குழுவில் இருக்கலாம், வாரம் ஒரு நாள் சென்னையிலிருந்து வருபவராக இருக்கலாம், திரையில் மட்டும் தெரிபவராகவும் இருக்கலாம். யாரானாலும் சரி, கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள்.

பழைய பியானோ என்றால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

'வெளிநாடு போகிறோம், பியானோ இருக்கிறது, கேட்ட விலைக்குத் தருகிறோம்' என்று எப்போதாவது ஒரு செய்தி வரும். சில சமயம் அது நிஜமாகவே அதிர்ஷ்டம். பல சமயம் 220 கிலோ விறகு.

எந்த வீட்டில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். சாந்தோம், பெசன்ட் நகர் கடற்காற்றில் இருபது வருடம் நின்ற பியானோவின் தந்தியில் துரு ஏறியிருக்கும். காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் லாபம். பிறகு மேல் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஸ்ருதி முளைகள் பழுப்பேறி இருக்கின்றனவா, சுத்தியல் ஃபெல்ட்டில் தந்தி வெட்டிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அடுத்து குனிந்து கட்டைப் பலகைக்குக் கீழே கையை விடுங்கள். ஒரு ஸ்பிரிங் பட்டை தட்டுப்படும். அதை மேலே அழுத்தினால் கால் பக்கத்துப் பலகை கையோடு வந்துவிடும். விற்கிறவர் வீட்டார் வழக்கமாக அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே ஃபெல்ட்டைக் கிழித்து எலி கட்டிய கூடு, புழுக்கை, பிள்ளைகள் போட்ட பென்சில், முதுகுச் சட்டத்தில் கரையான் மண்கோடு எல்லாம் அங்கேதான் இருக்கும். பூஞ்சை வாசனை மூக்கில் ஏறினால் பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு, காபிக்கு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

சுத்தமாக இருந்தால் இடது கோடியிலிருந்து 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதலில் மெல்ல, பிறகு பலமாக. சிக்குகிற கட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். நடுப்பகுதியிலிருந்து மேலே ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தந்தி. ஒன்று நழுவினாலும் ஒலி இரட்டைக் குரலாகக் கேட்கும். அது பரவாயில்லை, ட்யூனர் சேர்த்துவிடுவார். முளையே தளர்ந்திருந்தால் அவர் சேர்த்த ஸ்ருதி அவர் பஸ் ஏறுவதற்குள் இறங்கிவிடும். ஜப்பான் கம்பெனி பியானோ என்றால் சீரியல் நம்பரைக் குறித்து வாருங்கள், எந்த வருடத்தில் செய்தது என்று தெரிந்துவிடும். பட்டுக்கு சில்க் மார்க் அட்டை இருக்கிறது, பழைய பியானோவுக்கு அந்த நம்பர்தான்.

பழைய பிரிட்டிஷ் பியானோக்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. மெழுகுவத்தித் தாங்கி, பூ வேலை செய்த முகப்பு. லண்டன் கம்பெனிகள் இந்திய வெக்கைக்கென்றே, பசை விட்டுப்போகும் இடங்களில் பித்தளைத் திருகாணி போட்டு அனுப்பியவையும் அவற்றில் உண்டு. அழகுக்கு வாங்கலாம். பிள்ளை பழக வாங்காதீர்கள். உதிரிப்பாகம் கிடைக்காது, இன்றைய ஸ்ருதிக்கு ஏற்றினால் தந்தி தெறிக்கும். கட்டையில் தந்தம் பதித்திருந்தால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வீட்டுக்கு வரும்; தந்த வணிகம் இந்தியாவில் தடை.

எல்லாம் சரியாகி, ஒரு நல்ல நாளில் அப்ரைட் வந்து இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். சில்லறை வேலைக்கு வரும் ஆட்களைக் கூப்பிடாதீர்கள். பியானோ தூக்கிப் பழகிய ஆட்களோடு கடையையே அனுப்பச் சொல்லுங்கள். காலுக்கு அடியில் மரக்கட்டையோ, சக்கரத்துக்கான கிண்ணமோ போட்டுத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள். வந்த அன்றே ட்யூனரை வரச் சொல்ல வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் அது இந்த ஊர்க் காற்றில் நிற்கட்டும். அவர் வரும் நாளில் வேலை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தந்தியாகக் காதால் கேட்டு முடுக்கும் வேலை என்பதால், அதுவரை வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடமும் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், அந்த நேரத்தில் தறியை நிறுத்திவிட்டுத் தார் சுற்றும் வேலையைப் பார்த்துக்கொள்வார்.